இன்மை அறிக்கை

ஜூன் 12

குழாயில் தண்ணீர் வரவில்லை. தெருமுனை அடிபம்பில் நான்கு குடம் பிடித்து வைத்துவிட்டுக் கிளம்பியதில் ஆபீசுக்கு இருபது நிமிடம் தாமதம். மேலாளர் பரமானந்தம் சார் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இந்த ஒன்றிய அலுவலகத்தின் வருகைப் பதிவேட்டில் என் பெயர் இல்லை. கணினி இயக்குபவர் என்று ஒரு ஏஜென்சி மூலம் 2010 செப்டம்பர் 6ஆம் தேதி வந்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இந்த அலுவலகத்திலிருந்து போன கடிதங்களில் முக்கால்வாசி நான் அடித்தவை.

மதியம் சென்னையிலிருந்து ஒரு மின்னஞ்சல். ஊதியச் சீரமைப்புக்கு அரசு ஒரு குழு போட்டிருக்கிறது. வெளி ஏஜென்சி மூலம் பத்து ஆண்டுக்கு மேல் வேலை பார்ப்பவர்களின் பட்டியலை ஜூலை 5க்குள் அனுப்ப வேண்டும். அவர்களுக்குக் காலமுறை ஊதியம் தருவது பற்றிப் பரிசீலிப்பார்களாம். திறந்ததும் நான், அச்செடுத்ததும் நான். மூன்று முறை படித்துவிட்டுத்தான் சார் மேசையில் வைத்தேன்.

ஜூன் 13

"சார், அந்தப் பட்டியல்..." என்றேன்.

"பாக்கலாம்மா" என்றார்.

ஜூன் 26

பார்த்துவிட்டார்கள்.

ஒன்றியத்தின் தலைமை அதிகாரியான பி.டி.ஓ.வின் அறையிலிருந்து அரை மணி நேரம் கழித்து மேலாளர் வெளியே வந்தார். என் மேசைக்கு வந்து, ஸ்டேப்ளரை எடுத்து வைத்தார், மறுபடி எடுத்தார்.

"வடிவு, அந்தக் கடிதத்துக்கு இன்மை அறிக்கை போட்டுரும்மா."

அந்தக் கடிதம் கேட்பது போல இங்கே எவரும் இல்லை என்று அர்த்தம். நான் அவரையே பார்த்தேன்.

"நானும் சொல்லிப் பாத்துட்டேன். உன் சம்பளம் கணினி பராமரிப்புங்கற தலைப்புல போகுது. டோனர், வைரஸ் சாப்ட்வேர், நீ, எல்லாம் ஒரே தலைப்பு. உன் பேரப் போட்டா, எந்த உத்தரவுல ஒரு ஆள இத்தன வருஷம் வச்சிருந்தீங்கன்னு தணிக்கை வந்து உக்காந்துரும். இருந்த பி.டி.ஓ. அத்தன பேரும் பதில் சொல்லணும். நானும்தான். அடுத்த மே மாசம் எனக்கு ரிட்டயர்மெண்ட்."

அடித்தேன். ஒரு வரிதான். அவர் கையெழுத்துப் போட்டார், நான் ஸ்கேன் செய்து அனுப்பினேன். சாயங்காலம் வரும் வழியில் உளுந்து, கடுகு, துணி சோப்பு வாங்கினேன். மிச்சச் சில்லறையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூலை 3

மகள் இசைவாணிக்குப் பள்ளியில் உதவித்தொகைப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். "அம்மா, உன் உத்தியோகம் என்னன்னு போட?" என்று கேட்டாள். அவள் அப்பா, "கவர்மெண்ட் ஆபீஸ்னு போடு" என்றார். வேண்டாம், தனியார் என்று போடு என்றேன். "எந்தத் தனியாரும்மா?" என்றாள். ஏஜென்சியின் பெயர் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. நடுவில் மூன்று முறை மாறியிருக்கிறது.

ஜூலை 20

பதிவுத் தபாலில் ஒரு மனு. தகவல் உரிமைச் சட்டத்தில் சங்கரன்கோவிலிலிருந்து குமரகுருபரன் என்பவர் கேட்டிருக்கிறார். இந்த அலுவலகத்தில் வெளி ஏஜென்சி மூலம் எத்தனை கணினி இயக்குபவர்கள் வேலை பார்க்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து, ஒரு ஆளுக்கு ஏஜென்சிக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், அதில் ஆளின் கைக்குப் போவது எவ்வளவு. நாலே கேள்வி. பொதுத் தகவல் அலுவலர் மேலாளர்தான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை படித்தார்.

"யாரு இந்த ஆளு? உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

ஆகஸ்ட் 14

முப்பது நாளுக்குள் பதில் போக வேண்டும். பி.டி.ஓ. வாசகத்தைச் சொன்னார், மேலாளர் தாளில் குறித்துக்கொண்டு வந்தார், நான் அடித்தேன். "தாங்கள் கோரியவாறு இவ்வலுவலகத்தில் எவரும் பணிபுரியவில்லை. எனவே ஏனைய வினாக்கள் எழவில்லை." அடித்து முடித்து அச்செடுத்ததில் மை மங்கலாக வந்தது. டோனரைக் குலுக்கிப் போட்டு மறுபடி எடுத்தேன்.

ஆகஸ்ட் 16

இன்று முதல் இந்த நோட்டு வீட்டில் இருக்கும். இதுவரை பகலெல்லாம் ஆபீஸ் இழுப்பறையில் கிடந்தது. அதற்குப் பூட்டு இல்லை, அதனால் சில விஷயங்களை எழுதவில்லை.

குமரகுருபரன் என் அக்கா வீட்டுக்காரர். மனு நான் எழுதியது. அத்தான் கையெழுத்து மட்டும் போட்டுத் தபாலில் சேர்த்தார். அக்காதான் பயந்தாள். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?" என்று நாலு முறை போன் செய்தாள்.

மேலாளரிடம் தெரியாது என்று சொன்னதை அன்றைக்கு எழுதியபோது கை தயங்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 6

பதின்மூன்று வருஷம். யாருக்கும் சொல்லவில்லை.

அக்டோபர் 5

அத்தான் பெயரில் மேல்முறையீடு போட்டிருந்தேன். மாவட்டத்தில் இருக்கும் அதிகாரி அதை விசாரித்து உத்தரவு போட வேண்டும். அவர் என்ன செய்தார் என்றால், வரைவு உத்தரவு ஒன்று தயாரித்து அனுப்புங்கள் என்று எங்களுக்கே எழுதிவிட்டார். ஆக, நான் போட்ட மேல்முறையீட்டை நிராகரித்து நானே உத்தரவு அடித்தேன். எழுத்துப் பிழை இல்லாமல் இருந்ததாம், மாவட்டத்திலிருந்து பாராட்டினார்களாம்.

வீட்டில் சொன்னபோது இசைவாணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்பா சிரிக்கவில்லை. அடுத்து சென்னை தகவல் ஆணையத்துக்குப் போகணும் என்றேன். "போ. பாதியில விட்டா உனக்குத்தான் உடம்புக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு மினிபஸ் சாவியை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனார்.

நவம்பர் 14

தீபாவளி முடிந்து ஆபீஸ் திறந்தது. மேலாளர் எனக்குத் தனியாக ஒரு டப்பா அதிரசம் கொண்டுவந்திருந்தார். அவர் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். ரிட்டயர்மெண்ட் பணம் வந்ததும் செய்ய மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருக்கிறாராம். "அவளால ஒக்கார முடியல. நின்னுக்கிட்டே சுட்டா" என்றார்.

நல்ல அதிரசம். எனக்கு ஒன்றுக்கு மேல் இறங்கவில்லை.

பிப்ரவரி 19

ஆணையத்திலிருந்து விசாரணை அறிவிப்பு. மார்ச் 5, கலெக்டர் ஆபீசில் காணொலி மூலம். தவறான தகவல் கொடுத்திருந்தால் நாளொன்றுக்கு இருநூற்றைம்பது ரூபாய் வீதம் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தச் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று அதில் போட்டிருக்கிறது. பி.டி.ஓ. சம்பளத்தில் இல்லை. வாசகம் சொன்னவருக்கு ஒன்றும் கிடையாது, கையெழுத்துப் போட்டவருக்குத்தான்.

இது எனக்கு முன்பே தெரியுமா? சட்டத்தைப் படித்துத்தான் மனு எழுதினேன்.

மார்ச் 5

மேலாளர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எந்தக் கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அத்தான் வருவதாகச் சொன்னவர், காலையில் காய்ச்சல் என்று போன் செய்தார். காய்ச்சலோ பயமோ, கேட்கவில்லை.

ஒரு சின்ன அறை, சுவரில் பெரிய டிவி. அதில் ஆணையர். மனுதாரர் வரவில்லை என்றதும் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எங்கள் பதிலைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"உங்க ஆபீஸ்ல இருந்து மாசம் எத்தனை கடிதம் போகுது?"

"நானூறு, நானூத்தம்பது போகும் சார்."

"யார் டைப் பண்றது?"

மேலாளர் கோப்பைப் புரட்டினார். அதில் அதற்குப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"உங்க பின்னாடி நிக்கிற அம்மா யாரு?"

"எங்க ஆபரேட்டர் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. காது மடல் சிவந்துவிட்டது.

"எவ்வளவு நாளா இருக்காங்க?"

திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பதிமூணு வருஷம் சார்."

"நீங்க குடுத்த பதிலைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க."

வாசித்தார். எவரும் பணிபுரியவில்லை என்ற இடத்தில் குரல் இறங்கிவிட்டது.

"இதை அடிச்சது யாரு?"

"இவங்கதான் சார்."

எங்களுக்கு அடுத்த வழக்குக்காகக் காத்திருந்த யாரோ சிரித்தார்கள். ஆணையர் சிரிக்கவில்லை. பதினைந்து நாளுக்குள் நாலு கேள்விக்கும் சரியான பதில் போக வேண்டும், அபராதம் ஏன் போடக்கூடாது என்று விளக்கமும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார். எல்லாம் சேர்த்து ஆறு நிமிடம்.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். பஸ் ஊரை நெருங்கும்போது, "நான் பொய் சொல்லல வடிவு. ரெக்கார்டுல என்ன இருக்கோ அதச் சொன்னேன்" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 7

பி.டி.ஓ. என்னை நேரடியாகக் கூப்பிட்டார். அவர் இங்கே வந்த இரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கையில் புது வாசகம். "ஏஜென்சியின் பணியாளர் ஒருவர் கணினிப் பழுது நீக்கும் பொருட்டு அவ்வப்போது வந்து சென்றுள்ளார்."

"இதை அடிச்சு மேலாளர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க."

"நான் அடிக்க மாட்டேன் சார்."

எனக்கே என் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"என்ன?"

"அவ்வப்போது வரல சார். தினமும் வந்தேன்."

"அப்படியா. அப்ப நாளையில இருந்து வர வேண்டாம்."

"சரி சார். அத எழுத்துல குடுத்திருங்க."

"எதை?"

"நாளையில இருந்து வர வேண்டாம்ங்கிறத. என் பேரப் போட்டு, இந்தத் தேதியோட உங்கள நிறுத்துறோம்னு."

எழுதப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். திறந்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்னை நிறுத்த வேண்டுமென்றால், நான் இருந்தேன் என்று எழுத வேண்டும்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, "வெளியே போங்க" என்றார்.

மார்ச் 8

போனேன். கணினியின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 11

போனேன். உட்கார்ந்தேன். வந்தேன்.

மார்ச் 13

கோபம் யார் மேல் என்றே தெரியவில்லை. வீட்டில் தோசைக்கல்லைப் போட்டு உடைத்தேன் என்று இசைவாணி சொல்கிறாள். கைப்பிடிதான் உடைந்தது.

மார்ச் 15

நூறு நாள் வேலைக்கான கூலிப் பட்டியலை ஒரு வாரமாக யாரும் கணினியில் ஏற்றவில்லை. வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. இரண்டு ஊராட்சியிலிருந்து பெண்கள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மா என்னிடம், "நீங்க ஏத்த மாட்டேன்னுட்டீங்களாமே, அதான் எங்க கூலி நிக்கின்னு சொல்லுதாவ" என்றாள். யார் சொன்னது என்று கேட்கவில்லை.

மேலாளரிடம் போய் அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டேன். தாளில் எழுதிக் கொடுத்தார். மூன்று மணிக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஏற்றி முடித்தேன். பி.டி.ஓ. அந்தப் பக்கம் இரண்டு முறை நடந்தார். பார்க்காதது போலப் போனார்.

தோற்ற மாதிரி இருந்தது. ஆனால் அந்த அம்மாவிடம் ஏறியாச்சு என்று சொன்னபோது அப்படி இல்லை.

மார்ச் 19

நாளையோடு பதினைந்து நாள் முடிகிறது. பி.டி.ஓ. மாவட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தார். பதினோரு மணி வாக்கில் மேலாளர் வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தார். கையால் எழுதியது. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவரின் சின்ன, நிமிர்ந்த கையெழுத்து.

"பிழை இருக்கான்னு பாரு."

ஒருவர். சண்முகவடிவு. 6.9.2010 முதல் தொடர்ந்து. ஏஜென்சிக்கு மாதம் ரூபாய் இருபத்தோராயிரத்து நானூறு வழங்கப்படுகிறது. பணியாளருக்கு வழங்கப்படுவதாக அறியப்படுவது ரூபாய் பதினோராயிரத்து ஐந்நூறு.

இருபத்தோராயிரத்து நானூறில் நின்றுவிட்டேன். இந்த எண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பில் மட்டும் எப்போதும் கணக்குப் பிரிவில் கையால் எழுதப்பட்டுத்தான் போகும். ஏன் என்று பதின்மூன்று வருஷத்தில் ஒருநாள் கூட நான் கேட்டதில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"தெரியும்" என்றார். தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "கேட்டா சொல்லியிருப்பேன்னு நெனைக்காத. சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.

"இத அடிச்சுக் குடுக்கட்டுமா?"

"வேண்டாம். நீ அடிச்சா உன் மேலயும் வரும். பொதுத் தகவல் அலுவலர் நாந்தான். நான் எழுதுனதாவே இருக்கட்டும்."

கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். தபால் ஆபீசுக்குத் தானே நடந்து போனார்.

மார்ச் 29

ஏஜென்சியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒப்பந்தம் வேறு ஏஜென்சிக்குப் போகிறதாம். புது ஏஜென்சியின் பட்டியலில் என் பெயர் இல்லையாம். "நாங்க நீக்கல மேடம், அவங்கதான் சேக்கல" என்றான். யாரும் ஒரு எழுத்துக்கூட எழுதாமல் காரியத்தை முடித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 22

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நெட் சென்டரில் சேர்ந்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்று, பான் கார்டு, இதுதான் வேலை. எல்லாப் படிவமும் மனப்பாடமாகத் தெரிகிறதே என்று முதலாளிக்கு ஆச்சரியம்.

மேலாளர் கொடுத்த பதிலின் நகலை வைத்து ஊதியச் சீரமைப்புக் குழுவுக்கு எழுதியிருந்தேன். பதில் வந்துவிட்டது. தங்கள் அலுவலகத்திலிருந்து ஏற்கெனவே இன்மை அறிக்கை பெறப்பட்டுள்ளது, கடைசி நாளுக்குப் பின் திருத்தம் ஏற்பதற்கில்லை. சரி. அந்த அறிக்கையை அடித்தவளுக்கே அதன் நகலையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

தாளைக் கசக்கிப் போட்டேன். அப்புறம் எடுத்து நீவி வைத்தேன்.

மே 31

இன்று மேலாளர் ஓய்வு பெறும் நாள். மாலை வாங்கிக்கொண்டு போனேன். ஆபீஸ் கூட்ட மண்டபத்தில் விழாவுக்கு நாற்காலி போடவில்லை. நான்கு நாளைக்கு முன்பே குற்றச்சாட்டு மெமோ கொடுத்துவிட்டார்களாம். விசாரணை முடியும்வரை ஓய்வு பெற அனுமதி இல்லை, பணமும் இல்லை. பதிவேடுகளுக்கு முரணாக, உறுதி செய்யாத தகவலை வெளியே கொடுத்தாராம்.

அபராதமும் தனி. ஆணையம் எட்டாயிரம் போட்டிருக்கிறது. பொய் சொன்னதற்கு அங்கே, உண்மை சொன்னதற்கு இங்கே.

அவர் இன்று வரவே இல்லை. மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மதுரை ஆஸ்பத்திரி என்ன ஆகும்? இதைத்தான் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 4

மதியம் நெட் சென்டருக்கு வந்தார். மெமோவை நீட்டி, "இதுக்கு விளக்கம் அடிக்கணும். வேற யார்ட்டயும் போகத் தோணல" என்றார்.

இதற்கு மேல் மறைத்து வைத்திருக்க முடியவில்லை.

"சார், அந்த மனு என்னோடது. குமரகுருபரன் எங்க அக்கா வீட்டுக்காரர்."

அவர் மெமோவைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"எட்டு மாசம் எதுத்தாப்புல உக்காந்து அடிச்சிருக்க."

"ஆமா சார்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா என்ன சார் செஞ்சிருப்பீங்க?"

யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"கிழிச்சுப் போடச் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். விளக்கம் கொடுக்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது.

ஜூன் 6

கடை திறக்கும்போதே வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து உட்கார்ந்தார். வணக்கம் சொன்னதற்குத் தலை மட்டும் அசைந்தது.

"ம். அடி" என்றார்.

ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். எதையும் மறைக்கவில்லை. இன்மை அறிக்கை, முதல் பதில், பில் போன தலைப்பு, தனக்கு அது தெரியும் என்பது, எல்லாம். நடுவில் ஒருமுறை நிறுத்தி, "வீட்டுல அவகிட்ட சொல்லிட்டேன். நகைய வித்தாவது ஆபரேஷனப் பாத்துக்கலாம்னுட்டா" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

கடைசியில் சாட்சிகள் என்று தலைப்பு அடித்தேன்.

"அது வேண்டாம். உன்னய இழுக்க வேண்டாம்."

நான் கேட்கவில்லை. சண்முகவடிவு, கணினி இயக்குபவர், 6.9.2010 முதல் 31.3.2024 வரை என்று அடித்து அச்செடுத்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். விரல் ஒரு இடத்தில் நின்றது.

"உன்னய நிப்பாட்டுன உத்தரவு எங்க?"

"எங்க சார் குடுத்தாங்க?"

"அப்ப 'வரை' எதுக்கு? எடு அத."

எடுத்துவிட்டு, 6.9.2010 முதல் என்று மட்டும் வைத்து மறுபடி அச்செடுத்தேன். கையெழுத்துப் போட்டார்.